மடித்து வைத்த சீட்டு: நோய் ஆதரவு சிகிச்சை குறித்து வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

சென்ற மாதம் இந்தப் பகுதியில் படுக்கைப்புண்ணைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புண்ணில் தொடங்கி, வீட்டில் நெடுநாளாகப் படுத்திருப்பவரைப் பற்றிய வேறு கேள்விகளில் போய் முடிந்தன. ஆகவே இந்த மாதம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன். எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊர்களை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. கருப்பைவாய்ப் புற்றுநோய். கதிர்வீச்சு முடிந்து இப்போது கீமோ நடக்கிறது. கால் வீக்கமும் இடுப்பு வலியும் அதிகமாக இருப்பதால், மருத்துவமனையில் ‘பேலியேட்டிவ் ஓ.பி.யிலும் காட்டுங்கள்’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சொல்லைக் கைபேசியில் தேடிப் பார்த்த என் தம்பி, ‘அம்மாவைக் கைவிட்டுவிட்டார்கள்’ என்று அழுகிறான். சீட்டை மடித்து வைத்துவிட்டோம். நாங்கள் போக வேண்டுமா?
— வாசகி, ஆரணி

பதில்: மடித்து வைத்த சீட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். கைவிடுகிற மருத்துவர் கீமோவுக்குத் தேதியும் கொடுத்து, இன்னொரு பிரிவுக்குச் சீட்டும் எழுதிக்கொண்டிருக்கமாட்டார் என்று உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள். புற்றுநோய் மருத்துவர் கட்டியைப் பார்க்கிறார். அந்தக் கட்டியால் உங்கள் அம்மா படுகிற பாட்டைப் பேலியேட்டிவ் என்கிற ஆதரவு சிகிச்சை மருத்துவர் பார்க்கிறார். இரண்டும் ஒரே காலத்தில் நடக்க வேண்டியவை.

அந்தச் சொல்லோடு இப்படியொரு பயம் ஒட்டிக்கொண்டதற்கு வரலாறும் ஒரு காரணம். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் என்ற, இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், முதலில் கவனிக்க எடுத்துக்கொண்டது சாகும் தறுவாயில் இருந்தவர்களைத்தான். செவிலியராகவும் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்துவிட்டுப் பிறகு மருத்துவம் படித்தவர் அவர். அதனாலேயே உடம்பின் வலி, மனத்தின் பயம், வீட்டின் கடன், ‘எனக்கு ஏன் இப்படி’ என்ற கேள்வி ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் ஒருவருடைய முழு வலி என்று அவரால் சொல்ல முடிந்தது. 1986இல் மும்பையில் தொடங்கப்பட்ட நம் நாட்டின் முதல் ஹாஸ்பிஸும் அந்த வழியில் வந்ததே. ஆகவே இது மரணப் படுக்கைக்கான மருத்துவம் என்ற எண்ணம் மக்களிடம் படிந்தது. அதைவிட அழுத்தமாக மருத்துவர்களிடம் படிந்தது. கடைசி வாரத்தில் மட்டுமே நோயாளிகளை அங்கே அனுப்பிவந்தோம். அங்கே போனவர்கள் ஒரு வாரத்தில் இறந்துபோனார்கள். அதைப் பார்த்த ஊர், அங்கே போனால் சாவு என்று முடிவு கட்டியது. இதில் எங்கள் பங்கைத்தான் நான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2010இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரை இரு பிரிவாகப் பிரித்து நடத்திய ஆய்வின் முடிவு வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான புற்றுநோய் சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு தொடக்கத்திலிருந்தே ஆதரவு சிகிச்சையும். இரண்டாம் பிரிவினருக்கு மனச்சோர்வு குறைவாக இருந்ததோடு, அவர்கள் சராசரியாக இரண்டரை மாதங்களுக்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். எல்லாப் புற்றுநோய்க்கும் இதே கணக்கு வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே போனால் ஆயுள் குறையும் என்ற அச்சத்துக்கு இடமில்லை.

உங்கள் அம்மாவுக்கு அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். கால் வீக்கம் நிணநீர் தேங்குவதால் வந்ததா, இரத்தக் குழாய் அடைப்பால் வந்ததா என்று முதலில் பிரித்துப் பார்ப்பார்கள். நிணநீர் என்றால் கட்டுப் போடவும் நீவிவிடவும் உங்களுக்கே சொல்லித் தருவார்கள். இடுப்பு வலி நரம்பு நசுங்குவதால் வருவதாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. துர்நாற்றத்தோடு கசிவு இருந்தால் மெட்ரோனிடசோல் என்ற சாதாரண, விலை குறைந்த மருந்தாலேயே பெருமளவு கட்டுப்படுத்தலாம். அந்த நாற்றத்துக்கு அஞ்சித் தனி அறைக்குள் முடங்கிய பெண்கள் நாற்றம் நின்றபின் கூடத்தில் வந்து உட்கார்ந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இது புற்றுநோய்க்கு மட்டும் உரியதும் அன்று. இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய், பக்கவாதம், மறதி நோய், தசைச் சிதைவு நோயுள்ள குழந்தைகள் என எல்லாருக்கும் இது தேவைப்படும். உலகில் ஆண்டுதோறும் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படுவதாகவும், அவர்களில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினருக்கே அது கிடைப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. உங்கள் கையில் அதற்கான சீட்டு இருக்கிறது.

கேள்வி: அப்பாவுக்குக் கன்னத்தில் புற்றுநோய். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொல்லி மார்ஃபின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். என் அண்ணன், ‘அது அபின், பழகிவிட்டால் விடாது, வலி பொறுக்க முடியாதபோது மட்டும் கொடு’ என்கிறார். எங்கள் ஊர் மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். அப்பா இரவெல்லாம் முனகுகிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகர், பெரம்பலூர்

பதில்: உங்கள் அண்ணன் அப்பாவின் நன்மைக்காகத்தான் பேசுகிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இரவு முழுதும் கேட்கும் அந்த முனகலுக்குக் காரணம் அவர் சொன்ன முறையாகவே இருக்கலாம்.

மார்ஃபின் மாத்திரையின் வேலை ஏறத்தாழ நான்கு மணி நேரமே நீடிக்கும். வலி உச்சிக்குப் போன பிறகு கொடுத்தால், அது இறங்குவதற்குள் மனிதர் துவண்டுபோவார், இறங்கியதும் மாத்திரையை நிறுத்துவீர்கள், மறுபடி ஏறும். நேரம் தவறாமல் கொடுத்தால் வலி தலைதூக்கவே இடமிராது. ‘வாய்வழியாக, கடிகாரப்படி, படிப்படியாக’ என்பது 1986இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு வகுத்துக்கொடுத்த முறை. காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10 என்று வைத்துக்கொண்டு, நள்ளிரவில் எழுப்பாமலிருக்க இரவு 10 மணி வேளையை மட்டும் இரட்டிப்பாகக் கொடுக்கச் சொல்வது நம் மருத்துவமனைகளில் வழக்கம். உங்கள் அப்பாவுக்கு எத்தனை மில்லிகிராம், இரவில் எவ்வளவு என்பதை அவருடைய மருத்துவரின் சீட்டுதான் சொல்ல வேண்டும். குறிப்பாகச் சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் அளவு மாறும். இடையில் திடீரென்று வலி வந்தால் கூடுதலாக ஒரு வேளை கொடுக்கலாமா என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி, பழகிவிடும் என்ற பயம். சில வாரங்கள் தொடர்ந்து எடுத்தபின் திடீரென நிறுத்தினால் உடம்பு தவிக்கும். அதனால் நிறுத்தும்போது மெல்லக் குறைத்து நிறுத்துவோம். போதைக்கு அடிமையாவது வேறு. மருந்தையே நினைத்துக்கொண்டு, வலி இல்லாதபோதும் அதற்காக அலைந்து, கேடு என்று தெரிந்தும் விடமுடியாமல் கிடப்பதற்குத்தான் அந்தப் பெயர். முறையாகக் கண்காணித்து வலிக்குக் கொடுக்கும்போது அந்த நிலை வருவது அரிது. கதிர்வீச்சால் வலி குறைந்தபின் மார்ஃபினை முற்றிலும் விட்டுவிட்டு வயலுக்குத் திரும்பியவர்களும் உண்டு. மூச்சு நின்றுவிடும் என்பது அடுத்த பயம். சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றும்போது, ஆபத்தான அளவை எட்டுவதற்கு வெகுமுன்பே ஆள் மிகுந்த தூக்கத்தில் ஆழ்வார். அதுவே நமக்கு அறிகுறி. தட்டி எழுப்பியும் எழாத அளவுக்குத் தூங்கினால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது மலச்சிக்கலுக்கு. குமட்டலும் மந்தமும் முதல் சில நாட்களில் அடங்கிவிடும். மலச்சிக்கல் மட்டும் மார்ஃபின் இருக்கும்வரை இருக்கும். மலமிளக்கி மாத்திரையைச் சேர்த்து எழுதியிருப்பார்கள். வாழைப்பழம் கொடுக்கிறோமே என்று அதை நிறுத்தாதீர்கள். மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். மிஞ்சினால் வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.

மெடிக்கல் ஷாப்காரரைக் குறை சொல்லாதீர்கள். 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம், ஒரு மாநிலத்தில் மார்ஃபின் வாங்கி வைக்கவே பல உரிமங்கள் வேண்டும், எழுத்துப் பிழைக்கும் சிறை உண்டு என்ற நிலையைக் கொண்டுவந்தது. மருத்துவமனைகள் வாங்குவதையே விட்டுவிட்டன. அதற்குமுன் ஆண்டுக்குச் சுமார் 600 கிலோவாக இருந்த நாட்டின் மார்ஃபின் பயன்பாடு, 1997இல் 20 கிலோவுக்கும் கீழே போனது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு கசகசாச் செடி பயிரிட்டு, அபினை வெளிநாட்டு மருந்து ஆலைகளுக்கு விற்கிற நாடு இது. நம் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தவருக்கு மட்டும் அது எட்டவில்லை. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, மார்ஃபின் உட்பட ஆறு மருந்துகள் ‘அத்தியாவசியப் போதை மருந்துகள்’ என்று பிரிக்கப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் ஒரே அனுமதியில் அவற்றை வைத்துக்கொள்ள வழி பிறந்தது. எனவே இதை வாங்க வேண்டிய இடம் தெருக்கடை அன்று. அந்த அங்கீகாரம் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, புற்றுநோய் மையமோ, தொண்டு மருத்துவமனையோதான். மாத்திரை தீர்வதற்கு நான்கு நாள் முன்பே போய் வாங்குங்கள்.

கேள்வி: என் கணவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்து மூன்று மாதமாகிறது. அவரிடம் ‘குடலில் புண்’ என்றுதான் சொல்லியிருக்கிறோம். தெரிந்தால் மனசு விட்டுவிடுவார் என்று என் மைத்துனர்கள் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். போன வாரம் அவர், ‘இது சாதாரணப் புண்தானா?’ என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.
— வாசகி, தூத்துக்குடி

பதில்: சகோதரி, அவர் கேட்டது உங்களிடம், மைத்துனர்களிடம் அன்று. அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நம் குடும்பங்களில் இது அன்பினால் செய்யப்படுவது. வெளிநாட்டுப் புத்தகங்களில் உள்ளதுபோல, ‘நோயாளியின் உரிமை, சொல்லியே தீர வேண்டும்’ என்று மேசையைத் தட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மறைப்பதால் மறைகிறதா என்று பார்க்க வேண்டும். உடம்பு அவருடையது. இளைப்பதை அவர் அறிவார். வேட்டி இடுப்பில் நிற்காததை அறிவார். தான் உள்ளே வந்ததும் பேச்சு நின்றுபோவதையும் அறிவார். என்னிடம் இப்படி அழைத்துவரப்பட்ட ஒருவர் நோயைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. மகன் வெளியே போன சமயத்தில், ஓய்வூதியப் புத்தகத்தில் மனைவியின் பெயர் சரியாக இருக்கிறதா என்று யாரிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் செவிலியரிடம் விசாரித்தார். வீட்டார் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்; அவர் வீட்டாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

நீங்கள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. மறுபடி கேட்டால், ‘நீங்கள் என்னவென்று நினைக்கிறீர்கள்?’ என்று திருப்பிக் கேளுங்கள். அவர் எவ்வளவு தூரம் தாமாக வந்திருக்கிறார் என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும். ‘எனக்கெதற்கு, டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும்’ என்றால், அறியாமலிருப்பதும் அவருடைய விருப்பமே; அதை மதியுங்கள். ‘சொல்’ என்றால், மருத்துவரின் முன்னிலையில் உட்கார்ந்து, அவர் கேட்கிற அளவுக்கு மட்டும், கேட்கிற வேகத்தில் மட்டும் சொல்லலாம். இன்னும் எத்தனை மாதம் என்ற கணக்கை யாரும் நாளிட்டுச் சொல்ல முடியாது. சொல்கிற மருத்துவரை நம்பவும் வேண்டாம். செய்யக் கூடாதது ஒன்றுதான்: நேராகக் கேட்கும்போது பொய் சொல்வது. அது பின்னால் தெரிந்தால், நோயைவிட அதிகமாக அவரைத் தனிமைப்படுத்தும்.

மைத்துனர்களையும் ஒதுக்காதீர்கள். அடுத்தமுறை அவர்களையும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சத்தியம் வாங்கியவர்கள் பெரும்பாலும் அழுது முடிக்காதவர்கள். அவருக்குப் பத்திரத்தில் போட வேண்டிய கையெழுத்து இருக்கலாம், பேச்சு நின்றுபோன தங்கையைப் பார்க்க ஆசை இருக்கலாம், குலதெய்வக் கோயிலுக்குப் போக வேண்டியிருக்கலாம். நடக்கத் தெம்பு இருக்கும் இந்த மாதங்களில்தான் அவை முடியும் என்பதை அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: மாவட்ட மருத்துவமனை எங்கள் கிராமத்திலிருந்து 40 கிலோமீட்டர். படுத்த படுக்கையாக இருக்கும் பெரியம்மாவை ஒவ்வொரு முறையும் கார் வைத்துக் கூட்டிப்போக முடியவில்லை. வீட்டுக்கு வந்து பார்க்க யாராவது உண்டா?
— வாசகர், ஊத்தங்கரை

பதில்: உண்டு. உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை கொண்டுவந்து தருவதோடு அது நின்றுவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். வட்டார அளவில் ஆதரவு சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வந்து பார்ப்பதும் அதில் அடங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரியம்மாவின் பெயரைப் பதிவு செய்யுங்கள். ஐயமிருந்தால் 104 எண்ணில் கேளுங்கள். கேரளத்தில் 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறு புறநோயாளர் பிரிவாகத் தொடங்கிய இந்தப் பணி, அண்டை வீட்டார் பயிற்சி பெற்று, மாதந்தோறும் சிறு தொகை போட்டு நடத்துகிற இயக்கமாக வளர்ந்து, 2008இல் அரசின் கொள்கையாகவும் ஆனது. நம் ஊர்களிலும் அது முடியாததன்று என்று நினைக்கிறேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியன், வயது 71. நினைவில்லாமல் கிடக்கும்போது வென்டிலேட்டரில் வைத்து இழுத்தடிக்க வேண்டாம் என்று இப்போதே எழுதி வைக்கலாமா? அது தற்கொலை ஆகாதா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: எழுதி வைக்கலாம், ஆகாது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று இந்த உரிமையை ஏற்றுக்கொண்டது. அப்போது விதித்த நடைமுறை யாராலும் பின்பற்ற முடியாதபடி இருந்ததால், 2023 ஜனவரியில் அதை எளிமையாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். உங்களால் பேச முடியாதபோது உங்களுக்காகப் பேச வேண்டியவர்களின் பெயரை அதில் எழுதுங்கள். ஒன்றுக்கு மேற்பட்டவர்களையும் எழுதலாம். பிரதியை அவர்களிடமும் குடும்ப மருத்துவரிடமும் கொடுத்து வையுங்கள். பீரோவுக்குள் இருக்கும் உயில் அவசரப் பிரிவில் உதவாது. மீளமுடியாத நிலை என்று மருத்துவமனையின் குழுவும், அதை மறுபரிசீலனை செய்யும் இரண்டாவது குழுவும் ஒப்புக்கொண்ட பின்பே அது நடைமுறைக்கு வரும்.

இயந்திரத்தை வேண்டாம் என்பதும், ஊசி போட்டு உயிரை முடிப்பதும் ஒன்றல்ல. பின்னது நம் நாட்டில் குற்றம். தென் மாவட்டங்கள் சிலவற்றில் முதியவர்களுக்கு எண்ணெய் தேய்த்து இளநீர் கொடுத்து ‘அனுப்பி வைக்கும்’ தலைக்கூத்தலைக் கருணை என்று சொல்லி இன்னும் எனக்கு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது கொலை.

கேள்வி: மாமியாருக்கு 83 வயது. மறதி நோய் முற்றி, நான்கு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். பத்து நாளாக இரண்டு ஸ்பூன் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை. மருத்துவர் ‘வற்புறுத்த வேண்டாம்’ என்கிறார். பார்க்க வரும் உறவினர்களோ, ‘குளுக்கோஸ்கூட ஏற்றாமல் பட்டினி போடுகிறாள் மருமகள்’ என்று பேசுகிறார்கள். நான் செய்வது பாவமா?
— வாசகி, தேனி

பதில்: இல்லை. நான்கு மாதமாக அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, ஊட்டிக்கொண்டிருப்பவர் நீங்கள். அரைமணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்களின் பேச்சு காதில் விழத்தான் செய்யும், கணக்கில் சேர வேண்டாம்.

பசியின்மை எல்லாமே முடிவின் அடையாளம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால், முதலில் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். வாயைத் திறந்து டார்ச் அடித்தால் நாக்கில் தயிர் படிந்ததுபோல வெள்ளைத் திட்டுகள் தெரிகின்றனவா? அது பூஞ்சைத் தொற்று. சொட்டு மருந்தில் தீரும். மலம் கழித்து எத்தனை நாளாயிற்று? பல்செட் உறுத்துகிறதா? காய்ச்சல் உண்டா? இவற்றை உங்கள் மருத்துவர் பார்த்துவிட்டுத்தான் வற்புறுத்த வேண்டாம் என்றார் என்றால், அவர் சொல்வது சரி.

முற்றிய மறதி நோயில் விழுங்கும் திறன் போய்விடுகிறது. உடம்பு ஒவ்வொரு வேலையாக நிறுத்திக்கொண்டு வரும்போது பசியும் தாகமும் தாமாகவே அடங்கும். நமக்குப் பட்டினி என்று தோன்றுவது அவருக்குப் பட்டினியாக இருப்பதில்லை. அந்த நிலையில் வாயில் ஊற்றும் கஞ்சி நுரையீரலுக்குள் போய்ச் சளிக் காய்ச்சலில் முடியும். மூக்கில் குழாய் போட்டால் ஆயுள் நீளும் என்பதற்கு இந்த நோயில் ஆதாரம் இல்லை. பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டிவைக்க நேர்ந்ததைத்தான் நான் கண்டிருக்கிறேன். குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது நீரும் சிறிது சர்க்கரையும்தான். உடம்பு அதை வெளியேற்ற முடியாதபோது கால் வீங்கும், தொண்டையில் சளி கட்டும், மூச்சு இரையும். உறவினர்களிடம் இதை மருத்துவரே சொல்லும்படி ஒருநாள் ஏற்பாடு செய்யுங்கள். நீங்கள் சொன்னால் எடுபடாது.

செய்ய வேண்டியவை உண்டு. தலைப்பக்கத்தை உயர்த்தி, அவர் விழித்திருக்கும்போது, கேட்கிற அளவு மட்டும் கொடுங்கள். ஈரத் துணியால் வாயைச் சில மணிக்கொருமுறை துடைத்து, உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள். ஆனால் இரவுப் புரட்டலை உங்கள் கணவரோ நாத்தனாரோ வாரத்தில் பாதி நாளாவது ஏற்க வேண்டும் என்பதை நான் எழுதியதாகவே காட்டுங்கள்.

கடைசி நாட்களில் மூச்சு விட்டுவிட்டு வரும். தொண்டையில் களகளவென்று சத்தம் கேட்கும். கேட்பவருக்குத்தான் அது பதைப்பு. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும், மருந்தும் உண்டு. அப்போது வீட்டில் எல்லாரும் பால் ஊற்றக் கூடுவார்கள். அந்த வழக்கத்தை நான் தடுக்கமாட்டேன். ஸ்பூனால் ஊற்ற மட்டும் விடாதீர்கள், மூச்சடைக்கும். பாலில் நனைத்த விரலால் உதட்டைத் தொட்டால், வரிசையில் நிற்கும் கடைசிப் பேரன்வரை ஆளுக்கொரு முறை தொட்டுவிட்டுப் போகலாம்.